லூபஸ், அலுப்பு, பின்னேர நடை

வன்னியில பொம்பிளையளுக்கு எக்சர்சைஸ் எண்டு தனியா ஒண்டு தேவையில்லை எண்டு தான் இஞ்ச கனபேர் நினைக்கினம். விடிய எழும்பி முத்தம் கூட்டி, கிணத்தில தண்ணி அள்ளி, உடுப்புத் தோய்ச்சு, மாட்டுக்கு வைக்கல் இழுத்துப் போட்டு, பேந்து சமைச்சு, இவ்வளவும் செய்யிற ஆளுக்கு பிறகென்னத்துக்குக் கையக் காலை ஆட்டுற வேலை எண்டு கேப்பினம். சுகமான உடம்புக்கு அது சரியாக்கூட இருக்கும், நான் வாதாட வரேல்லை. ஆனா என்ர மாதிரி லூபஸ் வந்த உடம்புக்கு அந்தக் கணக்குச் சரிவராது, ஏன் சரிவராது எண்டு தான் எழுதப் போறன், கொஞ்சம் நீளமா வரும் போல கிடக்கு, அலுப்பா இருக்கிற ஆக்கள் பாதியில விட்டுட்டு நாளைக்கு மிச்சத்தை வாசியுங்கோ.

லூபஸ் எண்டா என்னெண்டு தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்லிப்போட்டுப் போறன். கிருமியோட சண்டை பிடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி எங்கட உடம்பையே அடிக்கத் துவங்குது. மூட்டு, தோல், சிறுநீரகம், இரத்தம், இதயத்தைச் சுத்தின சவ்வு எண்டு எங்கயும் போகும், ஒராளுக்கு வாற மாதிரி இன்னொராளுக்கு வராது. வாற பத்துப் பேரில கிட்டத்தட்ட ஒம்பது பேர் பொம்பிளையள், அதுவும் கூடுதலா 15க்கும் 45க்கும் இடைப்பட்ட வயசில, பிள்ளை பெத்து வளத்து வேலைக்கும் போற வயசில. தொத்தாது. முழுசா மாறாது, மருந்தால அடக்கி வச்சிருக்கலாம்.

இந்த வருத்தக்காரர் பெரும்பாலும் எல்லாரும் சொல்லுற ஒண்டு அலுப்பு. வயலில களை புடுங்கிப்போட்டு வந்து படுத்தா விடிய மாறிப் போற அலுப்பில்லை இது, நித்திரையால எழும்பேக்கையே கூட எழும்பி வாற அலுப்பு. தலை பின்னுறதுக்குக் கையத் தூக்கினா பாதிப் பின்னலில கை தன்பாட்டில இறங்கும். விடியக் காலமை தேங்காய்ப்பூவைப் பிழிய விரல் மடங்காது, பால் அப்பிடியே பூவுக்குள்ள நிக்கும், அதால எங்கட வீட்டில காலமையில சம்பல், பால் விட்ட கறி எல்லாம் பத்து மணிக்குப் பிறகு விரல் இளகினாப் பிறகு தான். இதை வெளியில ஆருக்கும் விளங்கப்படுத்தேலாது. முகத்தில வருத்தம் தெரியாது, சில பேருக்கு பிரெட்னிசலோன் எண்ட ஸ்டீரொய்ட் குளுசை குடிச்சு முகம் ஊதி வடிவாக்கூடத் தெரியும், "பிள்ளை நல்லா உடம்பு வச்சிட்டாய்" எண்டு சந்தோசமாச் சொல்லுவினம், உடன அடுத்த கதை "படுத்துப் படுத்துத் தான், பஞ்சி பிடிச்சிட்டுது" எண்டு வரும்.

மாமி ஒருநாள் என்ர குளுசைப் பெட்டியைப் பாத்திட்டு, "இது மலேரியாக் குளுசை எல்லோ, மலேரியா தான் நாட்டில இல்லை எண்டு சொல்லிப்போட்டாங்களே, உனக்கேன் இன்னும் தாறாங்கள்" எண்டு கேட்டா. வன்னி ஆக்களுக்கு அந்தக் குளுசை மறக்காது, சண்டைக் காலத்தில மலேரியா வராத வீடு இஞ்ச குறைவு, அந்தக் கைப்பு இன்னும் நாக்கில நிக்குது கனபேருக்கு. இலங்கையில மலேரியா இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2016 செப்டம்பரில. ஆனா லூபசுக்குத் தாற ஹைட்ரொக்சிகுளோரோகுயின் அந்தக் குளுசையின்ர ஒண்டுவிட்ட சகோதரம் தான், எதிர்ப்புச் சக்தியின்ர குழப்படியை அமத்தும், லூபஸ் ஆக்கள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இதைத் தான் அடிப்படையாக் குடுக்கிறது. கனகாலம் குடிச்சா கண்ணின்ர விழித்திரையில வேலை காட்டலாம், அதால டொக்டர் சொல்லுற இடைவெளியில கண் செக்கப்புக்குப் போக வேணும். எக்சர்சைஸ் செய்து உடம்பு கொஞ்சம் தேறினதும் குளுசையை நிப்பாட்டுற ஆக்களும் இருக்கினம், தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ, அந்தக் குளுசை இருக்கிறதால தான் நடக்கவே ஏலுது.

சரி, இப்ப விசயத்துக்கு. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட முதல், இந்த அலுப்பு எங்கயிருந்து வருது எண்டு பாக்க வேணும். லூபஸ் தான் காரணம் எண்டு எல்லாத்தையும் அதின்ர தலையில போட்டா வேற விசயங்கள் தப்பிப் போயிடும். இரத்தம் குறைவெண்டாலும் அலுப்பு வரும், தைரொய்ட் குறைவெண்டாலும் வரும், வெயிலுக்குப் பயந்து உள்ளுக்கையே இருக்கிறதால விற்றமின் டி குறைஞ்சாலும் உடம்பு உளையும், இரவில மூட்டுக் குத்து நித்திரை கொள்ள விடாட்டி அடுத்த நாள் முழுக்க மந்தமா இருக்கும். மனசும் இருக்கு. இஞ்ச இருக்கிற சனத்துக்கு 2009க்குப் பிறகு நித்திரை எண்டது ஒரு தனிக்கதை, அதை இதுக்குள்ள நான் கிண்டேல்லை, ஆனா டொக்டரிட்ட "அலுப்பு" எண்டு மட்டும் சொல்லாம "நித்திரை வருகுதில்லை, ஒண்டிலும் மனம் போகுதில்லை" எண்டும் சேத்துச் சொல்லுங்கோ. இரத்தம் குறைஞ்ச உடம்பை நடக்கவிட்டா மூச்சு வாங்கி வாங்கி, எக்சர்சைஸ் எனக்குச் சரிவராது எண்ட முடிவுக்குத் தான் வருவியள், உண்மையில தேவைப்பட்டது வேற வைத்தியம்.

இப்ப முதல் கேட்ட கேள்வி, வீட்டு வேலை காணாதோ எண்டது. காணாது, ஏனெண்டா வீட்டு வேலை எங்கட அளவுக்கு வராது, அதின்ர அளவுக்குத் தான் வரும். குடம் நிரம்ப வேணும், முத்தம் முழுக்கக் கூட்டி முடிக்க வேணும், உடுப்புக் கும்பல் அரைவாசியில நிக்க ஏலாது. ஒரே பக்கம் குனிஞ்சு ஒரே கையால ஒரே மூட்டைத் திருப்பித் திருப்பிப் பாவிக்கிறது, நாரி ஒரு பக்கம் இழுக்கும், மற்றப் பக்கத் தசைக்கு ஒரு வேலையும் இல்லை. வேலை இருக்கிற பெலத்தை எடுத்துச் செலவழிக்குது. எக்சர்சைஸ் எண்டா, நாங்களே அளவைத் தெரிஞ்செடுத்து, முடியாமப் போக முதல் நிப்பாட்டி, அடுத்த கிழமை ஒரு சொட்டுக் கூட்டி, கொஞ்சம் கொஞ்சமாப் பெலத்தைச் சேக்கிறது. சிறுபோக நேரம் கிணத்துக்கு மோட்டர் போடுற ஆக்களுக்கு இது நல்லா விளங்கும், ஊத்து ஊறுற அளவுக்கு இறைச்சா கிணறு நாள் முழுக்கத் தரும், ஒரேயடியா அடிமட்டம் வரைக்கும் இழுத்தா சேறு தான் வரும், பிறகு ரெண்டு நாள் பாத்துக்கொண்டு நிக்க வேண்டியது தான்.

அப்ப வேலையையும் செய்து எக்சர்சைசும் செய்ய எங்க பெலம் இருக்கு எண்டு கேப்பியள். அதுக்குத் தான் வேலையில கொஞ்சம் வெட்ட வேணும். நான் குனிஞ்சு கூட்டுற ஈர்க்கு விளக்குமாத்தை விட்டுட்டு நீளத் தடி போட்டுக் கட்டினது எடுத்தன், முத்தத்தை மூண்டு துண்டாப் பிரிச்சு நாளுக்கொரு துண்டு தான் கூட்டுறது, மிச்சத்தில வேப்பம் சருகு கிடந்தாக் கிடக்கட்டும். பெரிய வாளிக்குப் பதிலாச் சின்ன வாளி ரெண்டு தரம். குசினியில ஒரு உயரமான ஸ்டூல், வெங்காயம் உரிக்கிறது கீரை ஆயிறது எல்லாம் இருந்துகொண்டு. நிண்டுகொண்டு செய்யிற வேலையை இருந்து செய்தாலே பின்னேரத்துக்கு ஒரு நடை மிஞ்சும். வீட்டு ஆக்கள் முதலில முகத்தைச் சுழிப்பினம் தான். சுழிக்கட்டும், ஸ்டூலை மட்டும் எடுக்க விடாதேங்கோ.

லூபஸ் ஆக்கள் எக்சர்சைஸ் செய்தா வருத்தம் கூடும் எண்டு ஒரு பயம் இருக்கு, முந்தி ரெஸ்ட் எடு ரெஸ்ட் எடு எண்டு தான் எல்லாரும் சொன்னது. 2003ல லண்டனில 93 லூபஸ் ஆக்களை மூண்டு குழுவாப் பிரிச்சுப் பாத்த ஒரு ஆய்வு வந்தது. ஒரு குழு 12 கிழமை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போற எக்சர்சைஸ், வீட்டில தாங்களாச் செய்யிற நடை மாதிரியான விசயம் தான், இன்னொரு குழு ஆறுதலாப் படுத்து உடம்பைத் தளத்துற பயிற்சி, மூண்டாவதுக்கு ஒண்டும் இல்லை. எக்சர்சைஸ் செய்த ஆக்களில கிட்டத்தட்ட அரைவாசிப் பேர் நல்லாத் தேறிட்டம் எண்டு சொல்லிச்சினம், தளத்துற பயிற்சியில அது நாலில ஒண்டை விடக் கொஞ்சம் கூட, ஒண்டும் செய்யாத ஆக்களில ஆறில ஒராள் அளவு. வருத்தம் ஆருக்கும் எக்சர்சைசால மோசமாகேல்லை. அரைவாசி எண்டா மற்ற அரைவாசிக்குப் பெரிசா உதவேல்லை எண்டும் அர்த்தம், அதையும் ஒளிக்காமச் சொல்ல வேணும், செய்து பாத்துச் சரிவராட்டி அது உங்கட குற்றமில்லை. அதுக்குப் பிறகும் கன ஆய்வு வந்து, இப்ப ஐரோப்பிய வாதநோய் டொக்டர்மாரின்ர யூலார் அமைப்பே லூபஸ் ஆக்களுக்கு மருந்தோட சேத்து உடற்பயிற்சியையும் சொல்லுது.

அலுப்பை விடுங்கோ, எனக்கு உண்மையில பயம் வந்தது இதயத்தைப் பற்றி வாசிச்சாப் பிறகு. 1997ல அமெரிக்காவில பிட்ஸ்பேர்க் பக்கம் செய்த ஒரு ஆய்வில, 35க்கும் 44க்கும் இடைப்பட்ட லூபஸ் பொம்பிளையளுக்கு மாரடைப்பு வாற சாத்தியம் அதே வயசு மற்றப் பொம்பிளையளை விட 50 மடங்குக்கு மேல எண்டு கண்டுபிடிச்சவை. அந்த வயசில சாதாரணமாப் பொம்பிளையளுக்கு மாரடைப்பே அருமை எண்டதால தான் மடங்கு இவ்வளவு பெரிசாத் தெரியுது, அதுக்காகச் சும்மா விடுற விசயமும் இல்லை. பிறகு ஸ்டீரொய்ட். அது எலும்பை அரிக்கும், தொடைத் தசையையும் தோள் தசையையும் மெலிய வைக்கும். பாயில இருந்து எழும்பக் கை ஊண்டுறியளோ, கோயிலில நிலத்தில இருந்திட்டு எழும்பேக்க பக்கத்தில நிக்கிற ஆளின்ர தோளைப் பிடிக்கிறியளோ, பஸ் படியில ஏறக் கம்பியை இழுத்துத் தான் ஏறுறியளோ, அப்ப தொடை பெலம் போகத் துவங்கிட்டுது எண்டு தான் நினைக்க வேணும். கிளினிக்கில ஒருக்காச் சொல்லிக் காட்டவும் வேணும்.

அதால நான் நடையை விட முதல் இடம் குடுக்கிறது கதிரைக்கு. கை வச்ச பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், முன்னுக்குச் சறுக்கும், மரக்கதிரையைச் சுவரோட ஒட்டிப் போட்டு, நுனிக்கு வந்து இருந்து, ரெண்டு பாதத்தையும் முழங்காலுக்கு நேர கீழ வச்சு, கைய நெஞ்சில கட்டிக்கொண்டு எழும்புறது, பிறகு தொப்பெண்டு விழாம மெல்ல இருக்கிறது. மெல்ல இருக்கிறதும் முக்கியம், அதிலயும் தொடை நல்லா வேலை செய்யுது. கை கட்டி எழும்ப ஏலாட்டி தொடையில கை ஊண்டி எழும்பலாம், அதுவும் ஏலாட்டி கதிரையில ஒரு தலாணியைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கோ. துவக்கத்தில அஞ்சு தரம் காணும். மூச்சைப் பிடிக்காதேங்கோ, எழும்பேக்க வெளியில விடுங்கோ. இது பழகினாப் பிறகு குசினிச் சுவரில கை வச்சுக் குதிக்காலைத் தூக்கி இறக்கிறது, சோறு கொதிக்கிற நேரத்தில செய்யலாம். அதே சுவரில ரெண்டு கையையும் நெஞ்சு உயரத்துக்கு வச்சு முழங்கையை மடக்கிச் சுவருக்குக் கிட்ட போய்த் திரும்பி வாறது, மணிக்கட்டு நோகுற ஆக்கள் உள்ளங்கையை விட்டுட்டு முன்கையை வச்சுச் செய்யலாம்.

விடிய எழும்ப முதல் படுக்கையிலயே ஒரு சின்ன வேலை இருக்கு, அது எக்சர்சைஸ் எண்டு சொல்லுற அளவுக்கு இல்லை. கால் பாதத்தை மேல கீழ ஆட்டி, முழங்காலை ஒவ்வொண்டா மடக்கி நீட்டி, விரலை விரிச்சுப் பொத்தி, தோளைச் சுத்தி, விறைப்பு இளகும் வரைக்கும். குளிர்காலமெண்டா, அதான் மார்கழி வாடை வீசுற காலத்தில, சுடுதண்ணிக்குள்ள கைய வச்சுக்கொண்டு விரலை ஆட்டினா இன்னும் கெதியா இளகும்.

இனி நடை. வன்னியில நடக்கிறதில மூண்டு சிக்கல்: வெயில், நாய், சனம். வெயில் தான் பெரிசு. லூபஸ் கனபேருக்கு வெயில் பட்டா தோலில மட்டும் இல்லை உள்ளுக்கும் கிளம்பும், மூட்டு நோ காய்ச்சல் எல்லாம் வரும். முகில் மூடின நாளெண்டு ஏமாறக் கூடாது, வெயிலின்ர புற ஊதாக் கதிர் முகிலுக்குள்ளாலும் வரும், தண்ணியிலயும் வெள்ளை மணலிலயும் பட்டுத் தெறிச்சும் வரும். இரணைமடுக் குளக்கட்டில நடக்க எனக்கும் ஆசை தான், நல்ல காத்து, ஆனா ஒரு பக்கம் முழுக்கத் தண்ணி, மற்றப் பக்கம் நிழல் இல்லை, வெயில் நேரம் அது எங்களுக்கு உரிய இடமில்லை. வெயில் ஏற முதல் விடியக் காலமை, இல்லாட்டி பொழுது சாயுற நேரம். எனக்குக் காலமை விறைப்பு எண்டதால பின்னேரம், அஞ்சரைக்குப் பிறகு. நீட்டுக் கைச் சட்டை, தொப்பி, பொழுது சாய்ஞ்சாலும் ஒரு குடை, அது நாய்க்கும் உதவும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் காட்டோரத்து ஆக்கள் விடியவும் பொழுது பட்டும் நடக்கேலாது, யானை, அவை வீட்டு விறாந்தையோட நிக்கிறது தான் புத்தி. சோளகக் காத்துக் காலத்தில கிரவல் றோட்டுப் புழுதி வேற, அப்ப ஒரு மாஸ்க்.

சனம் எண்டா, சும்மா நடக்கிற பொம்பிளையை எங்கட ஊர் இன்னும் பழகேல்லை. ஒழுங்கையில இறங்கினா ஒவ்வொரு படலையிலயும் "எங்க பிள்ளை போறாய்?" எண்டு கேக்கும். "சும்மா நடக்கிறன் அன்ரி" எண்டா நம்பாயினம், வீட்டில ஏதும் சண்டையோ எண்டு பாப்பினம். நான் கையில ஒரு பாக்கைக் கொண்டு போகத் துவங்கினன், பாக் இருந்தாக் கடைக்குப் போறாள் எண்டு விட்டிடுவினம். இப்ப பழகிட்டினம், எங்கட ஒழுங்கையில பிரஷர் இருக்கிற ஒரு அக்கா என்னைப் பாத்துத் தானும் வெளிக்கிட்டிட்டா, ஆனா அவவோட சேந்து நடக்கிறது எனக்குச் சரிவராது, அவ வேகம். சேந்து போற ஆளுக்காக வேகத்தைக் கூட்டுறது தான் லூபஸ் ஆக்கள் கெதியா விழுற இடம்.

வேகத்துக்கு ஒரு அளவு இருக்கு, நடந்துகொண்டு கதைக்க ஏலவேணும், பாட்டுப் படிக்க ஏலாம இருக்க வேணும். கதைக்கவே மூச்சு வாங்கினாக் கூடிப்போச்சு. நேரம், முதலில அஞ்சு நிமிசம் காணும், அதையும் போறதுக்கும் வாறதுக்கும் பிரிச்சு, ஏனெண்டா அஞ்சு நிமிசம் அங்கால போனா திரும்பியும் வர வேணும், இதைச் சொல்லத் தேவையில்லை எண்டு நினைப்பியள், தேவை. கிழமைக்கு ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம் எண்டு கூட்டுறது. உலக சுகாதார நிறுவனம் பெரிய ஆக்களுக்குக் கிழமைக்கு 150 நிமிசம் எண்டு சொல்லும், நீண்டகால வருத்தக்காரருக்கும் அதே கணக்கு, ஆனா அதே நிறுவனம் தான் கொஞ்சமாச் செய்தாலும் ஒண்டும் செய்யாததை விடத் திறம் எண்டும் சொல்லுது. 150ஐக் கேட்டுப் பயந்து ஆரும் கட்டிலுக்குத் திரும்ப வேண்டாம். கூடிட்டுதோ குறைவோ எண்டு பாக்க, மூட்டு வருத்தக்காரருக்கு எண்டு பிசியோமார் சொல்லுற ஒரு பழைய கணக்கு: செய்து முடிச்சு ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் முந்தி இருந்ததை விட நோ கூடவா இருந்தா, அடுத்த முறை குறையுங்கோ.

எல்லாரும் மோசமான நாளைப் பற்றித் தான் பயப்பிடுகினம். என்னைக் கேட்டா நல்ல நாள் தான் ஆபத்து. விடிய எழும்ப உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும், அலுப்பைக் காணேல்லை, உடன கிடந்த வேலை முழுக்க ஞாபகம் வரும், மெத்தை காயப் போடுறது, அலுமாரி அடுக்கிறது, நடையை ரெண்டு மடங்காக்கிறது. பேந்து மூண்டு நாள் கிடை. அதால நல்ல நாளிலயும் குறிச்ச அளவு தான், ஒரு நிமிசம் கூட இல்லை, மோசமான நாளில, காய்ச்சல் கீய்ச்சல் இல்லாத மோசமான நாளெண்டா, அரைவாசி அளவு. வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போறதெண்டா அதுக்கு முதல் நாளும் பிறகு ரெண்டு நாளும் நான் நடையை விட்டிடுவன், சனத்துக்குள்ள நிக்கிறதும் இரவு முழிக்கிறதும் ஒரு கிழமை எக்சர்சைசுக்குச் சமன். பகல் வெயிலில சுடுமணலில வெறுங்காலோட நடக்கிற நேத்தியை அம்மாளிட்டயே சொல்லி மாத்திப்போட்டன், அவ கோவிக்கேல்லை.

கிளினிக் நாளும் அப்பிடித் தான், அண்டைக்கு எக்சர்சைஸ் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறி, லைனில இருந்து, இரத்தம் குடுத்து, மருந்துக்கு இன்னொரு லைனில நிண்டு வீட்ட வர உடம்பில ஒண்டும் மிஞ்சாது. பஸ்ஸில ஒரு விசயம் மட்டும் கவனியுங்கோ, கண்ணாடிக்குள்ளாலும் வெயில் வேலை செய்யும். கிளிநொச்சியில இருந்து காலமை வடக்க போகேக்க வெயில் வலப்பக்கம், பின்னேரம் தெற்க திரும்பி வரேக்கயும் வெயில் வலப்பக்கம் தான் நிக்கும், அதால ரெண்டு தரமும் ட்ரைவர் பக்கத்தை விட்டுட்டு வாசல் பக்கச் சீற்றில இருங்கோ. ஆனையிறவு தாண்டேக்க ரெண்டு பக்கமும் தண்ணி, அதில வாற தெறிப்புக்கு ஒரு சால்வையை இழுத்து மூடினாச் சரி.

எப்ப செய்யக் கூடாது எண்டதும் சொல்ல வேணும். காய்ச்சல் இருந்தா வேண்டாம். நெஞ்சு நோ, படுத்தா மூச்சு முட்டுறது, தலை சுத்திறது, கால் ரெண்டும் புதுசா வீங்கிறது, சிறுநீரில நுரை நுரையாப் போறது, இதுகளோட நடக்கப் போகாம ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, நெஞ்சு நோவெண்டா உடன போங்கோ. கவட்டுப் பக்கம் நோ எடுத்து நொண்டத் துவங்கினா அதையும் பொறுத்துக்கொண்டு நடக்காதேங்கோ, ஸ்டீரொய்ட் கனகாலம் குடிக்கிற ஆக்களுக்கு இடுப்பு மூட்டில இருக்கிற தொடை எலும்பின்ர பந்துக்கு இரத்தம் போறது குறைஞ்சு எலும்பு செத்துப் போற ஒரு வருத்தம் இருக்கு, ஸ்கான் எடுத்துத் தான் பாக்க வேணும். மூட்டு வீங்கிச் சூடா இருக்கேக்க அந்த மூட்டுக்குப் பாரம் குடுக்கிறேல்லை, ஒரு நாளைக்கு ரெண்டு தரம் மெல்ல மடக்கி நீட்டினாக் காணும், விறைச்சுப் போகாம. வருத்தம் கிளம்பி அடங்கினாப் பிறகு, விட்ட இடத்தில இருந்து துவங்க நினைக்காதேங்கோ, அதில அரைவாசி, சில நேரம் திரும்ப அஞ்சு நிமிசம். எரிச்சல் வரும். எனக்கு ஒவ்வொரு தரமும் வருது.

யோகா நல்லது, தலைகீழா நிக்கிறதும் மூட்டை எல்லைக்கு மேல இழுக்கிறதும் தவிர. லூபஸ் ஆக்கள் சில பேருக்கு மூட்டைப் பிடிச்சு வச்சிருக்கிற நார் தளர்ந்திருக்கும், அவைக்கு வளையிறது சுகம், ஆனா அந்தச் சுகம் தான் பிறகு மூட்டைப் புரட்டும். தண்ணிக்குள்ள நிண்டு செய்யிற எக்சர்சைஸ் மூட்டுக்கு நல்ல சுகம் எண்டு எல்லா இடமும் எழுதியிருக்கும், வன்னியில அதுக்கு எங்க போறது, குளத்தில முதலை, முல்லைத்தீவுக் கடலில வெயில். சைக்கிள் ஓடலாம், முழங்காலுக்குப் பாரம் குறைவு, சீற்றைக் கொஞ்சம் உயத்தி, எதிர்க்காத்து இல்லாத நேரமாப் பாத்து.

மாரி துவங்கினா எங்கட ஒழுங்கை முழுக்க வெள்ளம், வழுக்கும், அப்ப விறாந்தையும் ஹோலும் தான். முன்கதவையும் குசினிக் கதவையும் திறந்துவிட்டா ஒரு நேர்க்கோடு வரும், அதில போய் வாறது, திரும்பிற இடத்தில ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு கதிரை, அலுத்தா இருக்க. பாக்க விசர் வேலை மாதிரித் தான் இருக்கும். ரீவியில நாடகம் போற நேரமாப் பாத்து நடந்தா நேரம் போறது தெரியாது, விளம்பரம் வாற நேரம் மாமியும் எழும்பி எனக்குப் பின்னால நடப்பா, அவவுக்குச் சுகர், நாடகம் துவங்கினதும் போய் இருந்திடுவா. விளம்பரம் நீளமாப் போற நாளில அவவுக்குக் கூட நடை.